நாற்பத்து மூன்று தாய்மாமன்கள்

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

என் மனைவியின் உடன்பிறந்த அண்ணனும், என் பிள்ளைகளுக்கு ஒரே தாய்மாமனும், வல்லம் சுற்றுவட்டாரத்தில் மல்லாட்டை விளைச்சலில் பேர் எடுத்தவருமான உயர்திரு திருமுருகன் மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் வேங்கடேசன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் தங்கையைத் தவிர அனைவரும் சுகம். அங்கே என் மேல் உள்ள கோபத்தைத் தவிர மற்றபடி தாங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் முழங்கால், கறவை மாடு, போர்வெல் மோட்டார் ஆகியவையும் நல்லபடியாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று தாங்கள் நினைக்கலாம். வேறு என்ன செய்வது? என் நம்பரையும் சித்ரா நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டீர்கள். பள்ளிக்கூட போனிலிருந்து அடித்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கி அடித்தேன், அக்கா எடுத்து, "அவரு மல்லாட்டைக் கொல்லைக்குப் போயிக்கிறாரு" என்றார்கள், பின்னாலிருந்து நீங்கள் "வெச்சுடு, வெச்சுடு" என்று சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. தபால்காரரை யாரும் பிளாக் பண்ண முடியாது என்பதால் பேனாவை எடுத்தேன். கடைசியாக நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் பதினான்கு செகண்ட். அதை நான் பதினோரு தடவை கேட்டுவிட்டேன். "ஏம்பா வேங்கடேசா, எனக்குன்னு இருக்கறது ஒரே மருமவ. அதுக்குத் தண்ணி ஊத்தறதுக்கு நாப்பத்தி மூணு தாய்மாமனை வாடகைக்குப் புடிச்சியா? அந்தப் பேனர்ல என் மூஞ்சிய போட மட்டும் எடமில்லியா? இனிமே உன் ஊட்டு வாசப்படிய மிதிச்சா என்னை ஏன்னு கேளு." இதோடு நின்றிருந்தால் கோபம் என்று விட்டிருப்பேன். கடைசி செகண்டில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் இருக்கிறதே மச்சான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதைக் கேட்ட நாளிலிருந்து சித்ரா என்னோடு சண்டை போடுவதில்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவள் என்னோடு சண்டை போடாமல் தொடர்ந்து இரண்டு வாரம் இருந்தது இதுதான் முதல் தடவை, எனக்குப் பயமாக இருக்கிறது. சோறு வடிக்கிறாள், எங்களுக்குப் போடுகிறாள், அப்புறம் போய் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்க வைத்ததும் நீங்கள், கட்டிக் கொடுத்ததும் நீங்கள். அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அது நீங்கள் ஒருத்தர்தான். நீங்கள் வரவில்லை என்றால் அவளுக்குப் போவதற்கு ஒரு வீடு இல்லை. உங்கள் மருமகள் கலைமதி பெரியவளானால் குடிசை கட்டுவதற்கென்று கிணற்றடித் தென்னையில் ரெண்டு வருஷமாக ஒரு மட்டையைக் கூட வெட்ட விடாமல் வைத்திருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனுஷனுக்குச் சொல்லாமல் நான் விழா நடத்துவேனா? நடந்தது என்ன என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் எச்.எம். அம்மா. வருஷா வருஷம் நர்சம்மா அமலா வந்து எட்டாவது, ஒன்பதாவது பெண் பிள்ளைகளை மட்டும் ஒரு ரூமில் வைத்து, கதவைச் சாத்தி, மாதவிடாய் பற்றி வகுப்பு எடுத்துவிட்டுப் போவார். பையன்களை அந்த நேரத்துக்கு கிரவுண்டுக்குத் துரத்திவிடுவோம். இந்த வருஷம் எச்.எம். அம்மா, "உள்ள இருக்கறவங்களுக்கு மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? கறை பட்டா கிண்டல் பண்றவன் எல்லாம் வெளிய கிரவுண்டுலதானே நிக்கறான்? பசங்களுக்கும் எடுங்க" என்று சொல்லிவிட்டார். யார் எடுப்பது என்று கேள்வி வந்தது. அறிவியல் சார் அந்தப் பாடத்தை இருபது வருஷமாக "வீட்ல படிச்சுக்கங்க" என்றே நடத்தி வருகிறவர், அவருக்கு உடனே தொண்டை கட்டிக்கொண்டது. தமிழ் ஐயா எழுந்து, உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அவையில் இருக்கையில் உடலைப் பற்றித் தாம் பேசுவது முறையாகாது என்று தூய தமிழில் கழன்றுகொண்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

உங்களிடம் மறைப்பானேன் மச்சான், எனக்கு அந்த விஷயத்தில் தெரிந்ததெல்லாம் மாசத்தில் சில நாள் சித்ரா விளக்கேற்ற மாட்டாள், அந்த நாளில் குழம்பில் உப்பு கூடியிருந்தாலும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். நாப்கின் வாங்கி வரச் சொன்னால் மெடிக்கலில் கூட்டம் கலையும் வரை இருமல் மருந்து லேபிளைப் படித்துக்கொண்டு நிற்பேன். வாங்கினதைப் பேப்பரில் சுற்றி, அதைக் கறுப்பு கவரில் போட்டு, உண்டியலை உடைத்தவன் மாதிரி சந்து வழியாக வீட்டுக்கு வருவேன். இந்த லட்சணத்தில் நான் போய் வகுப்பெடுக்க வேண்டும். வேறு வழியில்லாமல் அன்று சாயங்காலம் சித்ராவிடம், "அது... வலிக்குமா?" என்று கேட்டேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி என்னையே பார்த்தாள். "பதினேழு வருசத்துல இன்னிக்குத்தான் கேக்கறீங்க. அதுவும் கிளாஸ் எடுக்கறதுக்காக" என்றாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம் ஒரு மணி நேரம் சொன்னாள். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். அவள் சொன்னதில் பாதி, நான் அத்தனை வருஷம் அவளைப் பார்த்து "எதுக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு இருக்க" என்று கத்திய நாட்களைப் பற்றியது. வெட்கமாக இருந்தது.

முதல் வகுப்பு. ஒன்பதாவதும் பத்தாவதும் சேர்த்து நாற்பத்து மூன்று பையன்கள். என்ன செய்வது என்று தெரியாமல் பழக்க தோஷத்தில் விசிலை ஊதிவிட்டேன், மொத்தப் பேரும் எழுந்து அட்டென்ஷனில் நின்றுவிட்டார்கள். உட்கார வைத்துவிட்டு போர்டில் கர்ப்பப்பை படம் வரைந்தேன். முன் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "சார், ஆட்டுத் தலைங்களா?" என்றான். கொம்பு இருக்கிற மாதிரிதான் இருந்தது, நான் ஒத்துக்கொண்டேன். நர்சம்மா அமலா வந்து, "படம் சரியாத்தான் இருக்குது, சார் நல்லா வரைஞ்சிருக்காரு" என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் பேசினார் பாருங்கள் மச்சான், மார்க்கெட்டில் காய்கறி விலை சொல்லுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. இது நோய் இல்லை, தீட்டு இல்லை, மாசா மாசம் உடம்பு செய்கிற வேலை. வலி பொறுக்க முடியாமல் ஒரு பெண் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுகிற அளவு போனால், பொறுத்துக்கோ என்று சொல்லாமல் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். தொட்டால் ஊறுகாய் கெடாது. இதைச் சொன்னதும் ஒருத்தன் எழுந்து, "எங்கக்கா தொட்டுச்சுங்க, கெடல. நான்தான் தொட்டேன்னு பொய் சொன்னேன்" என்றான். நான் கைதட்டினேன்.

வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் சீட்டில் எழுதி ஒரு ஸ்வீட் டப்பாவில் போடலாம் என்று வைத்தோம். முதல் சீட்டு: இன்னிக்கு கபடி உண்டா? இரண்டாவது: இந்த வருசம் மட்டும் ஆறு மஞ்சள் நீராட்டுக்குப் போயி பிரியாணி சாப்ட்டேன், ரெண்டு பேனர்ல என் போட்டோ போட்டாங்க, அது எதுக்குன்னு ஏன் சார் இதுவரைக்கும் யாரும் சொல்லல? நியாயமான கேள்விதானே? ஊரே கூடி, மைக் செட் கட்டி, ஆளுயரத்துக்குப் படம் போட்டு அறிவிக்கிறோம். மறுநாள் அதே பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால் எதுக்கு என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. மூன்றாவது சீட்டு கோணல் மாணலாக எழுதியிருந்தது. பசங்களுக்கு அந்த எடத்துல வீங்கினா யாருகிட்ட சொல்றது?

நர்சம்மா அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இடுப்புன்றது பொம்பளைங்களுக்கு மட்டும் இல்லப்பா. உங்களுக்கும் இருக்குது. அங்க வலின்னா, வீக்கம்னா, அன்னிக்கே சொல்லணும். திடீர்னு தாங்க முடியாத வலின்னா அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்குப் போவணும். வெக்கப்பட்டா உடம்பு காத்துக்கினு இருக்காது" என்றார். மணி அடித்ததும் எல்லோரும் ஓடினார்கள், பூவரசன் மட்டும் உட்கார்ந்திருந்தான். எங்கள் கபடி டீமில் நல்ல ரெய்டர். லீவில் பெரியப்பா கொல்லையில் மல்லாட்டை மூட்டை தூக்கினபோது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஏதோ துருத்திக்கொண்டு வந்திருக்கிறது. ஏதோ கெட்ட வியாதி என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல், ரெண்டு மாசமாகத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கபடி ஆடியிருக்கிறான். அந்த ரெண்டு மாசமும் நான் அவனை என்னவென்று திட்டினேன் தெரியுமா மச்சான்? சோம்பேறி, கறி தின்ற திமிர், கர்ப்பிணி மாதிரி ஓடுறான். அத்தனையும் நான் சொன்னதுதான். முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். குடலிறக்கம் என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள், இப்போது சௌக்கியமாக இருக்கிறான். வார்டு வாசலில் நான் அழுதேன். இதை சித்ராவிடம் கூடச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

இந்தப் பூவரசனுடைய அப்பாதான் பெரியதம்பி. பஸ் ஸ்டாண்டு பக்கம் டிஜிட்டல் பேனர் கடை வைத்திருக்கிறார். பையன் பிழைத்த சந்தோஷத்தில், "சார், உங்களுக்கு ஏதாவது செய்யணும்" என்று சுற்றிச் சுற்றி வந்தார். அந்த நேரம் பார்த்து எச்.எம். அம்மா, பையன்களே பெற்றோர் முன்னால் இதைப் பற்றிப் பேசட்டும் என்று ஒரு சனிக்கிழமை கூட்டம் வைத்தார். விதி பாருங்கள், நான் பெரியதம்பிக்கு வாட்ஸப் பண்ணினேன். "வளரிளம் பருவ மாணவர்கள் மாதவிடாய் பற்றியும் இடுப்புப் பகுதி ஆரோக்கியம் பற்றியும் பேசும் கூட்டம். பெற்றோர் அனைவரும் வருக." கூடவே நாற்பத்து மூன்று பையன்களின் போட்டோ. அவர், "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க சார், ஜம்முனு பண்ணிடறேன்" என்று பதில் போட்டார். ஜம்மென்றுதான் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தேன். எட்டுக்குப் பத்து அடி. மேலே ரெண்டு மயில், நடுவில் ரோஸ் கலர் தாமரை. அந்தத் தாமரையில், பெண் பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில், நான் உட்கார்ந்திருந்தேன். மீசையோடு. வாயில் விசிலோடு. விளையாட்டு விழாவில் எடுத்த படம். தலைக்கு மேல் தங்க எழுத்தில் "மஞ்சள் நீராட்டு விழா". கீழே "வேங்கடேசன் - சித்ரா தம்பதியர்". அதற்கும் கீழே, "அன்புடன் வரவேற்கும் தாய்மாமன்கள்" என்று போட்டு நாற்பத்து மூன்று தலை, அத்தனைக்கும் கூலிங் கிளாஸ். நடுவில் பூவரசன், ஆபரேஷன் ஆகி ஒரு மாசம் கூட ஆகாதவன், ஒரு சிங்கத்தைத் தடவிக்கொண்டிருந்தான். நான் வண்டியை நிறுத்தாமலே இறங்கிவிட்டேன், வண்டி தானாகப் போய் ஒரு இளநீர்க் கடையில் நின்றது.

கடைக்குப் போய் பெரியதம்பியைப் பிடித்தேன். மனுஷன் கொஞ்சம் கூட அசரவில்லை. "சார், நீங்க அனுப்பின அந்த வார்த்தைய பஸ் ஸ்டாண்டுல அரை ஆள் உசரத்துக்குப் போட்டு, கீழ என் கடைப் பேரையும் போட்டா, நாளைக்கு எவன் சார் என் கடைக்கு வருவான்? அந்த விசயத்துக்கு நம்ம ஊர்ல மரியாதையா பேனர்ல போடற பேரு மஞ்சள் நீராட்டுதானே? அதான் போட்டேன்" என்றார். என் போட்டோ எதுக்கய்யா தாமரையில் என்றேன். "டிசைன்ல அங்க ஒரு ஆள் உக்காரணும் சார், கூட்டத்துக்கு நீங்கதானே முக்கியம்." பையன்கள் எப்படித் தாய்மாமன் ஆனார்கள் என்றேன். "பசங்க போட்டோ அந்த டிசைன்ல எப்பவும் அந்தத் தலைப்புலதான் சார் வரும்." சித்ரா பெயர்? உங்க வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான்தானே சார் அடிச்சேன், கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, காலியா விட்டா நல்லா இருக்காதுன்னு போட்டேன் என்கிறார். அன்பினால் செய்தது, அடிக்கவும் முடியவில்லை. எத்தனை இடத்தில் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆறு என்றார். ரெண்டு பேரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனோம். ஒவ்வொரு இடத்திலும் யாராவது தெரிந்தவர்கள் வந்து என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். "உளுந்தங்களி சாப்ட்டியாப்பா?" என்று ஒருத்தர் என்னைக் கேட்டார், கிண்டலா நிஜமா என்று இன்றுவரை தெரியவில்லை. நாலுதான் கழற்ற முடிந்தது. மற்ற ரெண்டுக்கும் ஏணி எட்டவில்லை.

சனிக்கிழமை இருபது பெற்றோர் வருவார்கள் என்று இருபது நாற்காலி போட்டிருந்தோம். முந்நூறு பேர் வந்தார்கள் மச்சான். வரிசைத் தட்டோடு வந்தார்கள், வாழைத்தாரோடு வந்தார்கள், யாரும் கூப்பிடாமல் ஒரு மேளம் வந்தது. ஒரு அம்மா ஆரத்தித் தட்டோடு பெண்ணைத் தேடினார், பேனரில் இருந்த மூஞ்சி என்னுடையதுதான் என்பதால் நேராக வந்து எனக்கே சுற்றிவிட்டார். நின்றேன். வேறென்ன செய்ய? "பிரியாணி எங்கப்பா?" என்று ஒருத்தர் சமையலறையை எட்டிப் பார்த்தார், அங்கே மதிய உணவுப் பருப்பு சாதம்தான் இருந்தது. எச்.எம். அம்மா என் காதில், "வந்த கூட்டத்தை விடக் கூடாது சார், மைக்கைக் குடுங்க" என்றார். பூவரசன் மேடை ஏறினான். எழுதி வைத்திருந்த பேப்பரை மறந்துவிட்டான். "எனக்கு ஒடம்புல வலி இருந்துச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு. ரெண்டு மாசத்துக்கே செத்துடலாம் போல ஆயிடுச்சு. எங்கம்மால்லாம் எத்தினி வருசமா சொல்லாம இருக்குதோ தெரியல. யாராவது இருந்தா சொல்லுங்க. நாங்க சிரிக்க மாட்டோம்." அவ்வளவுதான் பேசினான். மேளக்காரர் கூடக் கையை எடுத்துவிட்டார்.

அப்புறம் நடந்ததைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கூடம் பெருக்குகிற அஞ்சம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக நர்சம்மாவிடம் போனார். "எனக்குக் கர்ப்பப்பை கீழ எறங்கிக்கினு எட்டு வருசமாவுது தாயி. குனிஞ்சு பெருக்கறப்பல்லாம் கையால உள்ள தள்ளி வுட்டுக்கினு பெருக்கறேன்" என்றார். எட்டு வருஷம் மச்சான். நானும் எட்டு வருஷமாக அங்கேதான் வேலை செய்கிறேன், கிரவுண்டு ஓரம் சரியாகப் பெருக்கவில்லை என்று அவரைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை சேர்ந்தது. நடவுக்குப் போகிறவர்கள், சூளைக்குப் போகிறவர்கள், தட்டோடு வந்தவர்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். சாயங்காலம் வரை வரிசை தீரவில்லை. நல்ல பேனர் அடித்திருந்தால் இருபது பேர் வந்திருப்பார்கள், அஞ்சம்மாள் பெருக்கிவிட்டுப் போயிருப்பார். அதனால்தான் என்னால் பெரியதம்பி மேல் கோபப்பட முடியவில்லை.

ஆனால் அந்தக் கழற்ற முடியாத ரெண்டு பேனரில் ஒன்றை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட, அது செஞ்சி வழியாகச் சுற்றி உங்கள் போனுக்கு வந்தது. மீதி உங்களுக்குத் தெரியும். மச்சான், என் குலதெய்வத்தின் மேல், என் வேலையின் மேல், எதன் மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். கலைமதி இன்னும் பெரிய மனுஷி ஆகவில்லை. எட்டாவது படிக்கிற சின்னக் குழந்தை. நேற்றுக் கூடத் தெருவில் சைக்கிளில் கையை விட்டுவிட்டு ஓட்டியது என்று திட்டினேன். அப்படி ஒரு நாள் வந்தால் வேறு யாருக்கும் சொல்லுமுன் முதல் போன் உங்களுக்குத்தான். இது சத்தியம். பெண் பிள்ளையாவது பரவாயில்லை, உங்கள் மருமகன் புகழேந்தியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அப்பனே வகுப்பெடுக்கிறானே என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, அத்தனை வகுப்பும் தலையைத் தூக்காமல் இருந்தான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தி சொல்லிவிட்டு என் பிள்ளைக்கு ஒன்றும் ஏறவில்லை. நீங்கள் வந்து ரெண்டு வார்த்தை சொன்னால் கேட்பான். எனக்காக வர வேண்டாம். அந்த வாசப்படியை உங்கள் தங்கை தினமும் ரெண்டு தடவை கழுவுகிறாள், அதற்காகவாவது ஒரு தடவை வந்து மிதித்துவிட்டுப் போங்கள்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், மாட்டுக்கு என் விசாரிப்பையும் சொல்லவும். உங்கள் கொல்லையில் ஈரம் குறையாமலும், என் மேல் உள்ள கோபம் குறைந்தும், தாங்கள் நீடூழி வாழ எல்லாம் வல்ல இறைவனை வேண்டும்,

தங்கள் அன்புள்ள,
வே. வேங்கடேசன், உடற்கல்வி ஆசிரியர்.

பின்குறிப்பு: மேலே சத்தியம் பண்ணியிருக்கிறேனே மச்சான், அதைப் படிக்காத மாதிரி விட்டுவிடுங்கள். வார்டு வாசலில் அழுததை மட்டும் விட்டுவிட்டு, கடிதத்தை சித்ராவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "இன்னும் பெரிய மனுஷி ஆகவில்லை" என்ற இடம் வந்ததும் புகழேந்தி உள்ளேயிருந்து வந்து, "அப்பா, அந்த லைனை மட்டும் அடிச்சுடு" என்றான். ஏண்டா என்றேன். தங்கச்சியைப் பார்த்தான். அது தலையாட்டியது. "பதினோரு நாளாவுது" என்றான்.

கூட்டம் முடிந்த அடுத்த புதன்கிழமை மச்சான். ஸ்கூல் விட்டு வந்ததும் ஆகியிருக்கிறது, வீட்டில் இவன் மட்டும் இருந்திருக்கிறான். அழாதே, இது நோய் இல்லை என்று சொல்லியிருக்கிறான். இவனே சைக்கிளில் மெடிக்கலுக்குப் போய், நாலு பேர் நிற்கும்போதே கேட்டு வாங்கி, கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். வெந்நீர் போட்டுக் கொடுத்திருக்கிறான். வயிறு வலித்த ரெண்டு நாளும் அதன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போனதும் இவன்தான். எங்கேடா கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் தலையைத் தூக்காமல் நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தானாம். எழுதியதைக் காட்டினான், கர்ப்பப்பை படம் என்னுடையதை விட நன்றாக வந்திருக்கிறது.

எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று சித்ரா அழுதுகொண்டே கேட்டாள். "அம்மா, மொதல்ல மாமாவுக்குத்தான் சொல்லணும்னு நீதானே சொல்லிக்கினே இருப்ப? அதான் மாமாவுக்கு மூணு தடவ உன் போன்ல இருந்து அடிச்சேன். போவவே இல்ல. மாமாவுக்குச் சொல்லாம உங்களுக்குச் சொன்னா மாமா இன்னும் கோச்சுக்கும்னு சும்மா இருந்துட்டேன்" என்றது கலைமதி. போனை எடுத்துப் பார்த்தோம். புதன், வியாழன், ஞாயிறு. மூன்று கால் இருக்கிறது.

இதற்காக உங்களைக் குத்திக் காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், பதினோரு நாள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கே தெரியவில்லை, நான் யாரைச் சொல்ல? சித்ரா பீரோவைத் திறந்து நல்ல புடவையை எடுத்தாள். அதனால் தபால் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. நாலு பேரும் புறப்பட்டு வருகிறோம். சாங்கியம் எல்லாம் நீங்களும் அக்காவும் பார்த்துச் சொல்லுங்கள், கலைமதி ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள், பேனர் மட்டும் வேண்டாமாம். விஷயத்தை அவளேதான் உங்களிடம் சொல்லுவாளாம், சொல்லி முடித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பாளாம். உள்ளே அவர்கள் மூன்று பேர்தான் வருவார்கள். "எங்கண்ணன் கூப்பிட்டா மட்டும் நீங்க வாங்க" என்று உங்கள் தங்கை எனக்கு உத்தரவு போட்டிருக்கிறாள், ரெண்டு வாரம் கழித்து என்னிடம் அவள் போட்ட முதல் சத்தம். ஆகவே நீங்கள் இதைப் படிக்கிற இந்த நிமிஷம் நான் உங்கள் வீட்டுக்கு வெளியே, வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது மச்சான். கொஞ்சம் ஜல்தியாகக் கூப்பிடுங்கள்.